சிஓபிடி நோயாளிக்குக் கெட்டியான சத்துக் கஞ்சி அளவு தேவை

டயட்டீஷியன்கள், பிசியோதெரபிஸ்ட்கள் கவனத்துக்கு. நோயாளிக்கு சிஓபிடி (மூச்சுக்குழாய்கள் அடைபடும் நாள்பட்ட நுரையீரல் நோய்), உயரம் 158 செ.மீ., எடை 42 கிலோ. இலக்கு தினம் 1,500 கிலோகலோரி, 60 கிராம் புரதம். நாலு வாய் சாப்பிட்டதுமே மூச்சு வாங்குகிறது. வயிறு நிரம்பினால், மூச்சிழுக்கும்போது உதரவிதானம் (நுரையீரலுக்குக் கீழுள்ள தசை) இறங்க இடமில்லை.

ஆறு சிறு வேளை, சாப்பாட்டுக்கு அரை மணி முன் இன்ஹேலர், சாப்பிடும்போதும் மூக்குக் குழாயில் ஆக்ஸிஜன், எல்லாம் நடக்கிறது. விழுங்குவதில் கோளாறு இல்லை. மெலிந்தவருக்கு ஊட்டத்தைக் கூட்டும்போது ரத்தத்தில் குறையக்கூடிய பாஸ்பேட், பொட்டாசியம் பார்த்தாச்சு. கஞ்சிதான் சிக்கல்: நீர்த்தால் சத்தில்லை, கெட்டியானால் உள்ளே போகவில்லை. 100 மில்லிக்கு 150 கிலோகலோரியாவது வரும்படி நெய், வேர்க்கடலை, பால்பவுடர் சேர்த்துச் செய்து பார்த்த அளவு யாரிடமாவது இருக்கிறதா?

கார்பன் டை ஆக்சைடு கூடும் என்று மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள். தேவைக்கு மேல் ஊட்டினால்தான் அந்தத் தொல்லை. ஏறும் எடை தசையாக, உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சி எதில் தொடங்கலாம்?