கேபிளில் 94 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறவில்லை, வைஃபையில் 280 வருகிறது: எதை மாற்றுவது?

கேள்வி:
வீட்டில் 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. ஹாலில் ரவுட்டர் பக்கத்தில் நின்று போனில் 5 கிகாஹெர்ட்ஸில் சோதித்தால் 280 வருகிறது. மாடி அறைக்குச் சுவர்க் குழாய் வழியாக 25 மீட்டர் கேட் 5இ கேபிள் போகிறது. அங்கே சுவர் சாக்கெட், அதிலிருந்து பேட்ச் கார்டு (குட்டிக் கேபிள்), பிறகு கணினி. அதில் எப்போது பார்த்தாலும் 93, 94தான். மதர்போர்டில் இருப்பது கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) லேன். மாடியில் போனுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் கிடைக்கிறது, 50 தாண்டாது. கேட் 6 இழுப்பதா, வைஃபை 6 ரவுட்டர் வாங்குவதா?

பதில் 1:
இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் சார். 94 என்பது 100 எம்பிபிஎஸ் லிங்க் (கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையிலான கேபிள் இணைப்பு) அப்படியே நிரம்பி ஓடும்போது வரும் எண். ஒரு முழு ஃபிரேம் (தரவைச் சுமக்கும் பொட்டலம்) கம்பியில் 1538 பைட் இடம் பிடிக்கும். அதில் நம் தரவு 1460 பைட்தான். மீதி ஹெடர், இடைவெளி. கிகாபிட் லிங்கில் இதே கணக்கு 940-950 அளவில் நிற்கும். ஆக, இணைய இணைப்பில் குறை இல்லை, உங்கள் லிங்க்தான் 100க்கு இறங்கியிருக்கிறது. விண்டோஸ் ஈதர்நெட் பக்கத்தில் லிங்க் ஸ்பீட் பாருங்கள், 100/100 என்றுதான் இருக்கும்.

பதில் 2:
அடாப்டர் அமைப்பில் ஸ்பீட் & டூப்ளெக்ஸ் போய் 1.0 கிகாபிட் என்று வைத்துப் பார்க்கலாமே?

பதில் 1:
அதனால் பயன் இல்லை. தாமிரக் கம்பியில் ஓடும் கிகாபிட்டுக்கு (802.3ஏபி தரநிலை, 1999) ஆட்டோ நெகோஷியேஷன், அதாவது இரு முனைகளும் தாமே பேசி வேகத்தை முடிவு செய்வது, கட்டாயம். ஒரு பக்கம் மட்டும் 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும்) என்று பூட்டினால் இன்னும் மோசம்: மறுபக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்) போய்விடும், பாக்கெட்கள் மோதி வேகம் படுத்துவிடும். ஆட்டோவிலேயே விடுங்கள்.

காரணம் கம்பியில் இருக்க வாய்ப்பு அதிகம். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு பின்கள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீலம் (4, 5) அல்லது பழுப்பு (7, 8) ஜோடியில் ஒரு இழை விட்டுப்போனாலும் பெரும்பாலான சிப்கள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும்.

இந்த வரிசையில் பாருங்கள்:
முதலில் பேட்ச் கார்டை மாற்றுங்கள். பிறகு ஒரு லேப்டாப்பை ரவுட்டரில் நேராகச் செருகுங்கள். சில ரவுட்டர்களில் ஒரு லேன் போர்ட் மட்டும்தான் கிகாபிட், மற்றவை 100. அதனால் எல்லா போர்ட்டிலும் சோதியுங்கள். அங்கே 1 கிகாபிட் வந்தால் எட்டு விளக்கு உள்ள கேபிள் டெஸ்டரைச் சுவர்க் கேபிளில் மாட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
பார்த்தாயிற்று. லேப்டாப்பில் நேராக 1.0 ஜிபிபிஎஸ். சுவர்க் கேபிளில் 5ஆம் விளக்கு எரியவில்லை.

பதில் 1:
நீல ஜோடி. சாக்கெட்டைக் கழற்றுங்கள். முனையை 3 செ.மீ. வெட்டி எறிந்துவிட்டு, சாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் 'பி' வண்ண வரிசைப்படி பஞ்ச் டவுன் கருவியால் (இழையைச் சாக்கெட் பிளேடுக்குள் அழுத்தும் கருவி) அழுத்துங்கள். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் பிளேடு விரிந்துவிடும். ஜோடியின் முறுக்கை 13 மி.மீ.க்கு மேல் பிரிக்கக் கூடாது.

வெட்டிய இழை ஒன்றைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது தாமிரம் பூசிய அலுமினியம். இரண்டு முறை வளைந்தால் ஒடியும். இன்று சரிசெய்தாலும் திரும்ப வரும். அப்படியானால் மட்டும் முழுத் தாமிரக் கேட் 6 இழுங்கள். முழுத் தாமிரமாக இருந்தால் கேட் 5இ தாராளம். 802.3பிஇசட் தரநிலை (2016) படி 2.5 கிகாபிட்டே இதில் 100 மீட்டர் வரை ஓடும்.

கேள்வி கேட்டவர்:
உள்ளேயும் தாமிர நிறம்தான். திரும்ப அழுத்தினேன், லிங்க் 1.0 ஜிபிபிஎஸ், சோதனையில் 290க்கு மேல். நன்றி சார். மாடியில் போனுக்கு வைஃபை 6 உதவுமா?

பதில் 3:
ஹாலில் வைத்தால் பெரிய மாற்றம் இருக்காது. இரண்டு ஆன்டெனா, 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வைஃபை 5 (2013) லிங்க் 867 எம்பிபிஎஸ், வைஃபை 6 (2021) லிங்க் 1201. பெட்டியில் போடும் எண் இதுதான். ஆனால் வைஃபையில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், எல்லோருக்கும் ஒரே காற்று. அதனால் கையில் கிடைப்பது பாதியைச் சற்றுத் தாண்டும், அதுவும் பக்கத்தில் இருந்தால். 5 கிகாஹெர்ட்ஸ் கான்கிரீட் தளத்தைத் தாண்டுவதற்குள் தேய்ந்துவிடும்; எந்தத் தலைமுறை வாங்கினாலும் தளம் அதே தளம்தான்.

கேபிள்தான் மாடிக்கு வந்துவிட்டதே, அதன் முனையில் கிகாபிட் போர்ட் உள்ள வைஃபை 5 ரவுட்டர் ஒன்றை ஆக்சஸ் பாயிண்டாக (வைஃபை மட்டும் தரும் பெட்டியாக) வையுங்கள். அதில் டிஎச்சிபியை (சாதனங்களுக்கு ஐபி முகவரி தரும் வேலை) அணைத்து, கீழ் ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுங்கள். சுவரிலிருந்து வரும் கேபிளை வேன் போர்ட்டில் (இணையம் நுழையும் துளை) செருகாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். இன்னொரு லேன் போர்ட்டிலிருந்து கணினிக்கு. பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். சேனல் வேறாக வேண்டும்: 5 கிகாஹெர்ட்ஸில் கீழே 36, மேலே 149. 2.4 கிகாஹெர்ட்ஸில் கீழே 1, மேலே 11, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ்.