லாரித் தண்ணீர்ச் செலவு: வீட்டுக்கு இவ்வளவா, தலைக்கு இவ்வளவா?

தரைத்தளம்:
சென்னை மடிப்பாக்கத்தில் எட்டு வீடுகள் கொண்ட அடுக்ககம் எங்களுடையது. ஏப்ரலில் ஆழ்துளைக் கிணறு கைவிட்டதால் 12,000 லிட்டர் லாரி எட்டு வாங்கினோம். லாரிக்கு 2,000 ரூபாய் வீதம் 16,000. செயலாளர் வழக்கம்போல் எட்டால் வகுத்து, வீட்டுக்கு 2,000 என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். நானும் மனைவியும் இரண்டே பேர். எதிர்வீட்டில் வேலைக்குப் போகும் இளைஞர்கள் ஐந்து பேர். அவர்களுக்கும் அதே 2,000. தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் என்ன குறைந்துவிடும்?

சங்கக்கணக்கு:
வேண்டாம் ஐயா. எங்கள் குடியிருப்பின் கணக்கை எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். தலையை எண்ணுவது யார்? மே மாதம் உங்கள் மகள் பேரப்பிள்ளைகளோடு வந்து இருபது நாள் தங்கினால் அது எத்தனை தலை? கைக்குழந்தை அரைத் தலையா? அதன் துணி துவைக்கத்தான் தண்ணீர் அதிகம் போகிறது! செயலாளர் சம்பளம் வாங்காத மனிதர். அவரை வீடு வீடாகப் போய் வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணச் சொல்கிறீர்கள்.

நீர்க்கணக்கு:
எண்ணுவது கடினம் என்பதற்காக அநியாயத்தை நியாயம் என்று சொல்ல முடியாது. நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. அதன்படி இருவருக்கு மாதம் 8,100 லிட்டர், ஐவருக்கு 20,250 லிட்டர். கட்டடத்தில் 26 பேர் என்று வைத்துக்கொண்டால் தலைக்கு ஏறக்குறைய 615 ரூபாய். இவர் 1,230 தருவார், அந்த ஐவரும் சேர்ந்து 3,075 தருவார்கள். சம்பாதிக்கிற பிள்ளைக்கு 615 ரூபாய் பெரிய பாரமா?

ஐவரில்ஒருவன்:
நான் வேறு கட்டடம்தான். ஆனால் இதே பேச்சை அங்கும் கேட்டிருக்கிறேன். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் இரவு பத்துக்குத்தான் திரும்புகிறோம். மெஸ் சாப்பாடு, கழுவப் பாத்திரமே கிடையாது. எங்கள் கீழ்வீட்டுப் பெரியவர் தினமும் வாசல் தெளிக்கிறார், காரைக் குழாய் பிடித்துக் கழுவுகிறார், முருங்கைக்கும் செம்பருத்திக்கும் குடம் குடமாக ஊற்றுகிறார். முருங்கைக்குத் தலை உண்டா? கூட்டத்துக்கு மட்டும் வாடகைக்காரர் வரக்கூடாதாம். தொகையை எங்கள் தலையில் ஏற்ற வாடகைக்காரர் வேண்டும்.

தரைத்தளம்:
தம்பி, என்னிடம் கார் கிடையாது. இரண்டு துளசித் தொட்டிகள்தான். இன்னொன்றும் சொல்கிறேன்: நான் லிஃப்டில் ஏறியதே இல்லை, அதன் பங்கை முகம் சுளிக்காமல் கட்டுகிறேன். 2023இல் அடுக்ககங்களின் பொதுப் பயன்பாட்டு மின்கட்டணத்தை யூனிட்டுக்கு 8.15 ரூபாயிலிருந்து 5.50 ஆகக் குறைத்தபோது, பத்து வீடு, மூன்று மாடிக்கு மேற்படாத, லிஃப்டும் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும் என்றார்கள். பத்து வீட்டுக்கு மேல் போகாமல், மூன்று மாடியோடு நிற்கும் எங்கள் கட்டடம் அந்த லிஃப்டால்தான் சலுகையை இழந்தது.

சங்கக்கணக்கு:
இதைத்தான் அஞ்சினேன். இன்று தண்ணீர், நாளை லிஃப்ட். மறுநாள் மூன்றாம் மாடிக்காரர் மட்டும் மொட்டைமாடி ஒழுகலுக்குப் பணம் தர வேண்டும் என்பார்கள்.

மஸ்கட்வாசி:
பூட்டிக் கிடக்கும் வீடு ஒன்று எனக்கும் உண்டு. காவலாளி, வண்ணப்பூச்சு, லிஃப்ட் எல்லாவற்றுக்கும் தருகிறேன், தரத்தான் வேண்டும். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத லாரித் தண்ணீருக்கு எதற்குத் தர வேண்டும்?

சங்கக்கணக்கு:
நாளை வாடகைக்கு விடும்போது "தண்ணீர்ப் பிரச்சினை இல்லை" என்று விளம்பரம் கொடுப்பீர்கள் அல்லவா? அதற்கு.

குழாய்க்காரர்:
எல்லோரும் தண்ணீர் மீட்டர் என்ற சொல்லை ஏன் தவிர்க்கிறீர்கள் என்று பார்த்தேன். பழைய கட்டடங்களில் அது அவ்வளவு எளிதும் இல்லை. மேல்தொட்டியிலிருந்து சமையலறைக்கு ஒரு குழாய், ஒவ்வொரு குளியலறைக்கும் தனிக் குழாய் என்று இறங்கும். வீட்டுக்கு ஒரு மீட்டர் போதாது, மூன்று நான்கு வேண்டும். லாரித் தண்ணீரின் மண் மீட்டருக்குள் படிந்து அதன் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும், அதற்கு முன்னால் வடிகட்டி போட்டு மாதந்தோறும் கழுவ வேண்டும். மேல்மாடியில் தண்ணீரின் வேகம் இயல்பாகவே குறைவு. மீட்டர் வைத்தால் ஷவர் நூலாகத்தான் ஒழுகும். தரைத்தளத்தில் நேர்மாறு. அதே மாதிரிக் குழாயை அதே அளவு நேரம் திறந்தால் கீழே கூடுதலாகக் கொட்டும். தரைத்தளத்தார் இருவர்தான் என்று 135ஆல் பெருக்கியவர் இதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

நீர்க்கணக்கு:
அதற்குக் குழாயின் அடியிலுள்ள வால்வைக் கொஞ்சம் மூடிவைத்தால் போதும். இதை வைத்துத் தலைக்கணக்கைத் தள்ளிவிட முடியாது.

சங்கக்கணக்கு:
சரி, பாதித் தொகையை வீட்டுக்கு, மீதியைத் தலைக்கு என்று பிரித்துப் பாருங்கள். வீட்டுக்கு 1,000, தலைக்கு ஏறக்குறைய 308. தரைத்தளத்தார் 1,616 கட்டுவார், ஐவர் 2,540, பூட்டிய வீடு 1,000. எண்ணிக்கை ஒவ்வொரு மாதமும் முதல் தேதி வீட்டில் இருப்பவர்கள்தான். விருந்தாளிக் கணக்கு கிடையாது.

மஸ்கட்வாசி:
ஆயிரமா? எனக்குச் சம்மதம் இல்லை.

தரைத்தளம்:
எனக்குச் சம்மதம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுதியே கொடுக்கிறேன்.

ஐவரில்ஒருவன்:
கொடுங்கள் ஐயா. முதல் தேதி அந்த ஐவரும் ஊருக்குப் போயிருப்பார்கள்.