மலைப்பாதையில் ஒரு நாள்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

நானும் மனைவியும் மலையில் விடுமுறையைக் கழிக்கப் போகிறோம். அதில் ஒரு முழு நாளை, காட்சிகளைப் பார்த்தபடி காரில் சுற்றுவதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். மதியத்துக்கு மேல் பல நேரம் மேகம் ஏறி வந்து பள்ளத்தாக்கையே மறைத்துவிடும் என்பதால் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவோம்.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தால் அது சூடேறிப் பிடிப்பு குறையும், குறைந்த கியரில்தான் இறங்க வேண்டும் என்பது தெரியும். ஆனால் இந்த முறை ஓட்டப்போவது ஆட்டோமேட்டிக் கார். கியர் லீவரை 'எல்' (குறைந்த கியர்) நிலைக்கு எப்போது மாற்றுவது?

அப்புறம், வளைவுகளில் மனைவிக்குத் தலைசுற்றும். முன் இருக்கையில் உட்கார்ந்து தூரத்தைப் பார்த்தால் கொஞ்சம் பரவாயில்லை. அவள் நிம்மதியாக ரசிக்க வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தினால் நல்லது? வேறு என்ன செய்யலாம்?