புதுப்பிப்பு: அம்மாவின் மனச்சோர்வு, தைராய்டு
அம்மா எதிலும் நாட்டமில்லாமல் படுத்தே கிடக்கிறார், மனச்சோர்வு மாத்திரையும் பலன் தரவில்லை என்று நான்கு மாதம் முன்பு இங்கே எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "முதலில் தைராய்டு பாருங்கள்" என்றவர் சொன்னதுதான் சரி.

இரத்தப் பரிசோதனையில், சுமார் 4-க்குள் இருக்க வேண்டிய டிஎஸ்எச் (தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும் அளவு) 38. லெவோதைராக்சின் (தைராய்டு குறைவுக்கான மாத்திரை) தொடங்கி 6 வாரம் கழித்துப் பார்த்தால் இன்னும் 19! வெறும் வயிற்றில் போட வேண்டிய மாத்திரையைக் கால்சியம் மாத்திரையோடு சேர்த்தே விழுங்கியிருக்கிறார். இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரமாவது இடைவெளி விட வேண்டுமாம். அப்புறம் இறங்கிவிட்டது, இப்போது 3.

மலச்சிக்கல், முகவீக்கம், குளிர் தாங்காமை எல்லாம் போயின. வயசுக்கோளாறு என்றிருந்தோம், நல்ல கூத்து.

ஆனால் மனச்சோர்வு முழுதாக விலகவில்லை. மனச்சோர்வு மாத்திரையை இப்போதைக்கு நிறுத்தக்கூடாது என்றார் மருத்துவர். நேற்று தையல் மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டார் அம்மா.