'ஷாப் வித் எ காப்': பிள்ளைக்காகவா, படத்துக்காகவா?

கொலம்பஸ் குமரன்
எல்லோருக்கும் வணக்கம். ஒகையோவில் இருக்கிறேன். மூன்று வருடமாக டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, 'ஷாப் வித் எ காப்' நடக்கும் கடையில் பரிசுகளுக்குக் காகிதம் சுற்றிக் கொடுக்கும் மேஜையில் நிற்கிறேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கஷ்டப்படுகிற வீட்டுப் பிள்ளைகளின் பெயரைப் பள்ளிக்கூடக் கவுன்சிலர்கள் கொடுப்பார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு போலீஸ்காரர். காலையில் பான்கேக் சாப்பாடு, ரோந்துக் காரில் சைரன் போட்டு ஒரு சுற்று, அப்புறம் இருவரும் சேர்ந்து கடையில் பொருள் வாங்குவார்கள். எங்கள் ஊரில் பிள்ளைக்கு 150 டாலர். போலீஸ் சங்கமும் ஊர்க் கடைக்காரர்களும் சேர்ந்து திரட்டும் பணம். அமெரிக்காவில் ஏராளமான ஊர்களில் இது நடக்கிறது.

போன முறை ஒரு பையன் வந்தான், ஒன்பது வயது இருக்கும். ட்ராலியில் முதலில் போட்டது பாட்டிக்கு வீட்டுச் செருப்பு, உள்ளே கம்பளி வைத்தது. அடுத்து தங்கைக்குக் கோட்டு. விரல்விட்டுக் கூட்டிக்கொண்டே வந்தானாம். பில் போடும்போதுதான் விற்பனை வரியை மறந்தது தெரிந்தது; பத்து டாலர் குறைந்தது. தனக்கென்று அவன் எடுத்தது ஒரே ஒரு லெகோ பொம்மை டப்பா. அதைத் தூக்கிக்கொண்டு திரும்ப வைக்கக் கிளம்பிவிட்டான். கூட வந்த போலீஸ்காரர் ஒன்றும் பேசாமல் தன் பர்ஸை எடுத்தார். என் மேஜைக்கு எதிரில் நடந்தது இது.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பகிர்ந்தேன். "எல்லாம் விளம்பரம்" என்று ஒருவர் எழுதினார். மனது கேட்கவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மலர்விழி
குமரன் அண்ணா, அந்தப் பையனையும் அந்தப் போலீஸ்காரரையும் நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் இருப்பது கிளீவ்லாந்தில். உங்கள் மாநிலம்தான். 2014 நவம்பர் 22 அன்று இங்கே ஒரு பூங்காவில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த டமீர் ரைஸைப் போலீஸ் கார் வந்து நின்ற சில நொடிகளில் சுட்டார்கள். பன்னிரண்டு வயது. மறுநாள் இறந்துபோனான். சுட்டவர் மேல் குற்ற வழக்குகூடப் பதியவில்லை. நகராட்சி 60 லட்சம் டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தது.

அந்தப் பூங்கா வழியாக நடக்கிற ஒரு தாய்க்கு, டிசம்பரில் போலீஸ்காரர் ஒரு பிள்ளையின் தோளில் கை போட்டு எடுத்த படம் என்ன சொல்லும்? பிள்ளைக்குக் கோட்டு வேண்டும் என்றால் கோட்டைக் கொடுங்கள். அதைச் சீருடைக்காரர் கையால்தான் வாங்க வேண்டும் என்று ஏன் வைக்கிறீர்கள்?

ரவி, கனெக்டிகட்
மலர், அந்தப் பயம் இருப்பதால்தானே இது தேவைப்படுகிறது? எங்கள் மாநிலத்தில் நியூ ஹேவனில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2019இல் வெளியானது. போலீஸ்காரர்கள் சீருடையோடு வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். கைது, விசாரணை எதுவும் கிடையாது. பத்து நிமிடம் பேச்சு, அவ்வளவுதான். போலீஸ் மேல் மக்களுக்கு இருந்த நம்பிக்கை கூடியது. ஏற்கனவே கசப்போடு இருந்தவர்களிடம்தான் மாற்றம் அதிகம். 21 நாள் கழித்துக் கேட்டபோதும் அது மறைந்துவிடவில்லை. பத்து நிமிடப் பேச்சுக்கே இப்படி என்றால், ஒரு முழுக் காலைப்பொழுது வீணாகவா போகும்?

மலர்விழி
ரவி, அந்த ஆய்வை நானும் படித்திருக்கிறேன். அதில் போலீஸ்காரர்தான் மக்களைத் தேடி வாசலுக்குப் போனார். பேசினவர்கள் பெரியவர்கள், வேண்டாம் என்றால் கதவைச் சாத்தியிருக்கலாம். கையில் பரிசும் இல்லை. இங்கே ஒன்பது வயதுப் பிள்ளை, 150 டாலர், கேமரா. அந்தப் பிள்ளையால் எப்படி 'வேண்டாம்' என்று சொல்ல முடியும்?

சீருடை வந்து நின்றாலே பிள்ளைகள் மாறிவிடுவார்கள் என்பதும் சரியல்ல. 1983இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 'டேர்' என்று தொடங்கி, போலீஸ்காரர்கள் வகுப்பறைக்கே வந்து போதைப் பொருளைப் பற்றிப் பாடம் எடுத்தார்கள். நாடு முழுக்கப் பரவியது. பிள்ளைகளுக்கு டி-ஷர்ட் கிடைத்தது. போதைப் பழக்கத்தை அந்தப் பழைய பாடத்திட்டம் குறைக்கவில்லை என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு சொன்னது.

ஹூஸ்டன் பாத்திமா
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பள்ளி அலுவலகத்தில் வேலை செய்கிறேன், இந்த மாதிரி விண்ணப்பத் தாள்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது என் வேலைதான். இரண்டு வருடம் முன்னால் ஒரு அம்மா அந்தத் தாளை நான்காக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "விலாசம் எழுத வேண்டாம்" என்றார், அவ்வளவுதான். குடியேற்றத் தாள்கள் சரியாக இல்லாத வீடு. மகளுக்கு அன்றைக்குக் காலில் கான்வாஸ் ஷூ, விரல் தெரிந்தது. தேவை அதிகமாக இருக்கிற வீடுதான் போலீஸ் என்ற சொல்லைப் பார்த்ததும் ஒதுங்கிப் போகிறது. மலர் கேட்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கள் மாநிலத்திலேயே ஆஸ்டினில் 'ஆபரேஷன் ப்ளூ சாண்டா' என்று 1972 முதல் இருக்கிறது. அதுவும் போலீஸ் நடத்துவதுதான். ஆனால் உணவும் பொம்மைகளும் குடும்பத்துக்குப் போகும். பிள்ளை கையில் அம்மாவோ அப்பாவோ கொடுக்கலாம். 1947இல் கடற்படைக் காலாட்படையின் ரிசர்வ் வீரர்கள் தொடங்கிய 'டாய்ஸ் ஃபார் டாட்ஸ்' திட்டத்திலும் பொம்மையைச் சேர்த்தது யார் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை. பெற்றவர்கள் கையால் வாங்குவது வேறு, பாத்திமா சொன்னால் நம்புங்கள்.

ரவி, கனெக்டிகட்
பாத்திமா அக்கா, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லெகோவைத் திரும்ப வைக்கப் போன பையனைப் பார்த்த அந்தப் போலீஸ்காரரை யோசியுங்கள். பெட்டியை வீட்டில் இறக்கிவிட்டுப் போயிருந்தால் அவருக்கு அது தெரிந்திருக்குமா? அவர் நாள் முழுக்க அந்தத் தெருக்களில் பார்ப்பது சண்டை, திருட்டு, விபத்து. அவர் மனதும் மாற வேண்டாமா?

மலர்விழி
மாறட்டும் ரவி, அதை நான் மனதார விரும்புகிறேன். அதற்குப் பிள்ளையின் ஏழ்மையை ஃபேஸ்புக்கில் போட வேண்டாம் என்கிறேன். திங்கட்கிழமை அவன் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள்.

கொலம்பஸ் குமரன்
படங்களைப் பற்றி இதுவரை நான் யோசிக்கவே இல்லை. நேற்று எங்கள் நிகழ்ச்சியின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அந்தப் பையன் முகம் தெளிவாக இருக்கிறது, கையில் செருப்பு டப்பாவோடு. அதை எடுக்கச் சொல்லி எழுதிவிட்டேன். அடுத்த முறை முகம் தெரிகிற படமே வேண்டாம் என்று கூட்டத்தில் கேட்பேன். விலாசத்தைப் பள்ளியோடு நிறுத்திக்கொள்ளலாமா என்றும் கேட்பேன், பாத்திமா அக்கா. ஆனால் போலீஸ்காரர் வர வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பர்ஸ் திறந்ததை நான் பார்த்தேன்.

மலர்விழி
வரட்டும் அண்ணா. ஜூலையிலும் வரட்டும், பரிசு இல்லாமல், அந்தப் பையன் தெருவில் நடந்து வரட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன்: அவருக்கு அவன் பெயர் இன்னும் ஞாபகம் இருக்குமா?

கொலம்பஸ் குமரன்
இன்று காலை அவருக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். பெயரை உடனே சொன்னார், தங்கையின் கோட்டு என்ன நிறம் என்றுகூடச் சொன்னார். வீடு எந்தப் பக்கம் என்று கேட்டேன். தெரியாது என்றார்.