மறு: பவளம் இல்லாத கடல்மீன் தொட்டி – ‘பார்கட்டு’ என்று சொல்லலாமா?

வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையில் வந்த எல்லா மடல்களையும் படித்தேன். நானும் பல வருடமாக உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவன், அதுவும் பவளம் இல்லாமல் மீன் மட்டுமே உள்ள தொட்டி. அதனால் இப்படிப்பட்ட தொட்டிக்கும், அதற்குள் கல்லைக் கொண்டு காட்சி அமைக்கும் வேலைக்கும் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற இந்த இழையின் கேள்வியில் எனக்கு உண்மையிலேயே அக்கறை உண்டு. மடல் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> “பவளமிலாத் தொட்டி” என்றே வைத்துவிடலாம், புரிந்துவிடும்.

புரியும், சரி. ஆனால் ஒன்றுக்கு அதில் இல்லாததை வைத்துப் பெயரிட்டால், அது ஏதோ குறைபட்ட பொருள் என்ற எண்ணம் பெயரிலேயே ஒட்டிக்கொள்ளும். மீன் மட்டும் வளர்ப்பவர்கள் பவளம் வாங்க முடியாமல் அப்படி வைத்திருப்பதில்லை. பெரும்பாலோர் தெரிந்துதான் வைக்கிறார்கள். வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல இனங்கள் பவளத்தையே கொத்தித் தின்பவை. பெரிய ஏஞ்சல் மீன்கள், கிளாத்தி, பேத்தை எல்லாம் பவளத்தோடு விட்டால் சேதம்தான். கடலிலேயே மிக அழகான மீன்கள் என்று நாம் சொல்பவற்றில் பாதி இந்தப் பட்டியலில் வந்துவிடுகின்றன. எம்பரர் ஏஞ்சல் மீன் குஞ்சாக இருக்கும்போது கருநீல உடம்பில் வெள்ளை வளையங்களோடு இருக்கும், வளர வளர அந்த வளையங்கள் மறைந்து மஞ்சள் கோடுகள் வரும். அந்த மாற்றம் முழுவதையும் வீட்டிலேயே பார்க்கலாம் என்பதற்காகத்தான் நான் பவளமே வேண்டாம் என்று முடிவு செய்தேன். அப்படிப்பட்ட தொட்டிக்கு ‘இலா’ என்று பெயரில் போடுவது எனக்கு ஒப்பவில்லை.

> “நீர்நிலக்காட்சி” பொருத்தமாக இருக்கும், ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

தொட்டிக்குள் காட்சி அமைப்பதைக் குறிக்கும் ‘அக்வாஸ்கேப்’ என்ற ஆங்கிலச் சொல்லை இரண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தமிழ்த் துண்டை வைத்தது போல் இருக்கிறது ஐயா. மேலும் அது நன்னீர்ச் செடித் தொட்டிக்கும் பொது. நாம் தேடுவது கடல்நீர்த் தொட்டியில் கல்லைக் கொண்டு மட்டுமே செய்யும் வேலைக்கான சொல்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ‘அக்வேரியம்’ என்ற சொல்லே இப்படி விவாதித்துப் பிறந்ததுதான். லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் 1853-இல் மீன் மாளிகை திறந்தபோது அதற்கு நிலையான பெயர் இல்லை, ‘நீர் விவேரியம்’ (விவேரியம் என்றால் உயிர்களை வைத்து வளர்க்கும் இடம்) என்பது போல நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு, 1854-இல், பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கையியலாளர் ‘அக்வேரியம்’ என்பதை முன்வைத்தார். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு மாடுகள் தண்ணீர் குடிக்கும் இடம் என்று பொருள் இருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை, சொல் சின்னதாகவும் வாயில் நிற்பதாகவும் இருந்தது, நின்றுவிட்டது. ஒரு சொல்லுக்கு ஏற்கெனவே வேறு பொருள் இருக்கிறது என்பதாலேயே நாம் அதை ஒதுக்க வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன், ஏனென்றால் நான் முன்வைக்கப் போகும் சொல்லுக்கு மூன்று நான்கு பொருள் உண்டு.

அந்தச் சொல் ‘பார்’.

கடலடியில் பாறை மேடாக எழும்பி, மீன் கூடும் இடத்தை நம் கடலோர மீனவர்கள் பார் என்றுதான் சொல்கிறார்கள். முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பாறைத் திட்டுக்கு முத்துப்பார் என்று பெயர், மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு ஆவணங்களில் ஆங்கிலேயர்களே அதை மொழிபெயர்க்காமல் பார் என்று அப்படியே எழுதி வைத்தார்கள். நிலத்துக்கும் இந்தச் சொல் பழையதுதான், பாரை உடைத்துத் தோண்டிய ஆழமான அகழி என்று சங்கப் பாட்டில் வருகிறது. கடினமான பாறைத் தளம் என்பதே அங்கே பொருள். ஆக நாம் புதிதாக எதையும் உருக்கி வார்க்க வேண்டாம். மீன் எங்கே கூடுகிறதோ அதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது, அதைத் தொட்டிக்குள் கொண்டுவந்தால் போதும்.

‘பாறையமைப்பு’ என்று எழுதிய நண்பருக்கு: அது மோசமில்லை. ஆனால் பாறை என்பது நம் ஊரில் ஒரு மீனுக்கும் பெயர். பாறைமீன் தொட்டி என்று சொன்னால் கடற்கரைக்காரர் யாரும் அந்த மீனைத்தான் நினைப்பார். இன்னொன்று, பவளப்பாறை என்ற வழக்கு மிக ஆழமாக வேரூன்றிவிட்டதால் கடல், பாறை என்ற இரண்டு சொல்லும் சேர்ந்து வந்தாலே பவளம் மனத்தில் வந்துவிடுகிறது. பார் என்றால் அந்தச் சிக்கல் இல்லை.

ஆகவே என் முன்மொழிவு இது. கையில் இருக்கும்போது அது கல். தொட்டிக்குள் அடுக்கி ஒட்டிக் கட்டி முடித்த பிறகு அது பார். அந்த வேலை பார்கட்டுதல், ஏர்கட்டுதல் போல. பவளம் வைக்காமல் பாரும் மீனுமாக அமைத்த தொட்டி பார்மீன் தொட்டி.

இதைச் சொல்லளவில் மட்டும் யோசித்து எழுதவில்லை, அந்த வேலையைச் செய்து பார்த்ததால் எழுதுகிறேன். பவளத் தொட்டியில் கல் வெறும் தாங்கி, பவளத்தை ஒட்டி வைக்க ஒரு மேடை, அவ்வளவுதான். பவளம் வளர வளரக் கல்லே கண்ணுக்குத் தெரியாது. நம் தொட்டியில் கல்தான் உடம்பு. அதன் வடிவம் சரியில்லை என்றால் மறைக்க எதுவும் கிடையாது. அதனால்தான் ‘அலங்காரம்’ என்ற சொல்லும் இங்கே சேராது என்கிறேன். அலங்காரம் மேலே பூசுவது, இது வீடு கட்டுவது. மீன் அதில் குடியிருக்கிறது. கிளாத்தி மீன் பயந்தாலும் தூங்கப் போனாலும் ஒரு பொந்துக்குள் நுழைந்து முதுகு முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும், வெளியே இழுக்க முடியாது. அதன் அளவுக்குப் பொந்து இல்லாத தொட்டியில் அது மூலையில் ஒடுங்கியே நிற்கும், நிறமும் மங்கும். ஒளிய இடம் இருக்கிறது என்று தெரிந்த மீன்தான் துணிந்து வெளியே வந்து நீந்தும். பார்ப்பவருக்கு அழகு என்று தோன்றுவதும், மீனுக்குப் பாதுகாப்பு என்பதும் இங்கே ஒரே வேலையில் அடங்குகிறது.

முதல் தொட்டியில் நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். மணலைப் பரப்பிவிட்டு அதன் மேல் கல்லை அடுக்கினேன். பார்க்க நன்றாக இருந்தது. இரண்டு வாரத்தில் ஒரு கிளாத்தி அடியிலிருந்து மணலை வாயால் ஊதி ஊதிப் பள்ளம் பறித்து, ஒரு இரவு மேல்கல் சரிந்து கண்ணாடி ஓரமாக விழுந்தது. கண்ணாடி உடையவில்லை, மீனும் தப்பியது. அதற்குப் பிறகு முதலில் கல், தொட்டியின் தரையில் நேராக உட்கார வேண்டும், பிறகுதான் மணல் என்று மாற்றிக்கொண்டேன். கற்களை நீருக்குள்ளும் இறுகும் பிசினாலோ, துளையிட்டு அக்ரிலிக் கம்பி செருகியோ ஒன்றோடொன்று பிணைத்துவிட வேண்டும். இந்தப் பிணைப்பு வேலை இருப்பதால்தான் ‘அடுக்குதல்’ என்று சொல்லாமல் ‘கட்டுதல்’ என்கிறேன்.

வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நம் எல்லோருக்கும் கண் இருக்கிறது. நடுவில் ஒரே குவியலாகக் கட்டாமல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி ஒரு பெரிய பார், எதிர்ப்பக்கம் ஒரு சின்னப் பார், இடையே வெறும் மணல். அந்த வெற்றிடத்தை நிரப்பிவிடாதீர்கள், மீன் நீந்திக் கடக்கும்போது முழு உருவமும் தெரிவது அங்கேதான். பின் கண்ணாடியைத் தொடாமல் கட்டினால் நீரோட்டம் கல்லைச் சுற்றிப் போகும், அழுக்கும் தேங்காது. பின்புறம் கறுப்பு அல்லது அடர்நீலம்.

> செயற்கைப் பவளத்துக்கு என்ன சொல்வது? “போலிப் பவளம்”?

போலி என்றால் ஏமாற்று என்ற வாடை வருகிறது. ரெசினில் அச்செடுத்து வார்ப்பதுதானே, ‘வார்ப்புப் பவளம்’ என்பதே நேர்மையான சொல். இது ஒரு நல்ல காரியத்துக்கும் உதவுகிறது. கல்பவளங்கள் எல்லாம், அருகிவரும் உயிரினங்களை நாடு கடந்து விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் இருக்கின்றன, காய்ந்த பவளக்கூட்டை நாடு கடந்து விற்பதற்கும் அனுமதி வேண்டும். கடலிலிருந்து உடைத்து எடுத்த கூட்டை விட வார்ப்பு எவ்வளவோ மேல். ஆனால் கடையில் இருக்கும் எல்லா நிறத்தையும் வாங்கி ஒரே தொட்டியில் நட்டால் மீனின் நிறம் அடிபட்டுப் போகும். ஒரே வகையில் நாலைந்து, மங்கலான நிறம், பாரின் இடுக்கில் அடித்தட்டு தெரியாமல் பதித்தால் போதும். கொஞ்ச நாளில் அதன் மேல் பழுப்பும் பச்சையுமாகப் பாசி ஏறும். இரண்டு தொகுதி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள். எடுத்ததை நீர்த்த பிளீச்சில் ஊறவைத்து, நன்றாக அலசி, குளோரினை நீக்கும் மருந்து கலந்த நீரில் மறுபடி ஊறவைத்து, வாசனை முழுக்கப் போகும் வரை வெயிலில் காயவிட்ட பிறகே திரும்ப வைக்க வேண்டும். அவசரப்பட்டால் மீன் செத்துவிடும்.

இன்னும் இரண்டு சொற்கள் எனக்குத் தேவைப்படுகின்றன, அவற்றையும் இந்த இழையிலேயே முடித்துவிடலாம்.

ஒன்று, கல்லின் மேல் ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாந்து பூசியது போல் படரும் பாசி. பவளப்பாசி என்று ஒருவர் எழுதியிருந்தார். அது பவளமே இல்லை, உடம்பில் சுண்ணாம்பு சேர்த்துக்கொள்ளும் சிவப்புப் பாசி இனம். நம் தொட்டிக்கு இதைவிட நல்ல நிறம் கிடையாது. இந்தப் பாசி உயிரோடு படர்ந்த சின்னக் கல் துண்டு ஒன்றைப் போட்டு, நீரில் சுண்ணச்சத்தும் காரத்தன்மையும் குறையாமல் பார்த்துக்கொண்டால், வெள்ளைக் கல்லெல்லாம் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஊதாவாக மாறும். பவளத்துக்கு வேண்டிய கடும் விளக்கு இதற்கு வேண்டாம். ‘படர்சுண்ணப்பாசி’ என்று முன்வைக்கிறேன். சுண்ணப்பாசி என்று மட்டும் சொன்னால் போதாது, செடி போல நிமிர்ந்து வளரும் ஹாலிமீடா என்ற பாசியும் சுண்ணாம்பு சேர்ப்பதுதான்.

அப்படி நிமிர்ந்து வளரும் பெரும்பாசிகளை வைத்தும் அழகு செய்யலாம், சர்ஜன் மீன்கள் மேய்ந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். காலர்ப்பா வகையை வெட்டி எறியும்போது மிகக் கவனம். 1984-இல் மொனாக்கோ கரையோரம் முதலில் தென்பட்ட காலர்ப்பா டாக்சிஃபோலியா பிறகு மத்தியதரைக் கடலில் எவ்வளவு பரவியது என்பது தெரிந்த கதை. சின்னத் துண்டிலிருந்தும் முளைக்கும் பாசி அது. வெட்டியதை உறையவைத்தோ காயவைத்தோ குப்பையில் போடுங்கள், சாக்கடையில் வேண்டாம்.

மற்றொன்று, ஒற்றைப் புள்ளி விளக்கின் ஒளி நீரின் மேற்பரப்பு அலையில் வளைந்து, பாரின் மேலும் மணலின் மேலும் வலை வலையாக ஓடுகிறதே, அது. ஆழமில்லாத கடலில் முகம் புதைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நீளக் குழல்விளக்கில் இது வராது. இதற்கு ‘நெளியொளி’ என்று சொல்லலாமா? பவளம் இல்லாத தொட்டிக்கு அசைவையும் உயிரையும் தருவது இந்த ஒளிதான். பவளக்காரர்கள் விரும்பும் நீலம் மிகுந்த விளக்கு நமக்கு வேண்டாம், அதில் மீனின் சிவப்பும் ஆரஞ்சும் செத்துவிடும். வெண்மை மிகுந்த ஒளி போதும்.

இனி, பார் என்ற சொல்லுக்கு வரக்கூடிய மறுப்புகள். உலகம் என்ற பொருள், ‘பார்’ என்று ஏவும் வினை, பிறகு மது அருந்தும் இடம். முதல் இரண்டும் தமிழில் எப்போதும் இருப்பவை, இடம் பார்த்துப் பொருள் கொள்கிறோம். மூன்றாவது கொஞ்சம் தொந்தரவுதான், ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் தனியாகப் பார் என்று விடாமல் பார்கட்டு, பார்மீன் என்று சேர்த்தே எழுதச் சொல்கிறேன். ‘தொட்டிப்பார்’ என்று முதலில் யோசித்தேன், வேகமாகப் படித்தால் ‘தொட்டுப்பார்’ என்று கண் படிக்கிறது, விட்டுவிட்டேன்.

எனக்குத் தீராத ஐயம் ஒன்றுதான். பார்கட்டுதல் என்று வினையாக வரும்போது ஒற்று மிகாது, ஏர்கட்டுதல் போலவே. ஆனால் கட்டி முடித்த அமைப்பைப் பெயராகச் சொல்லும்போது ‘பார்க்கட்டு’ என்று மிக வேண்டுமோ? அப்படி எழுதினால் ‘பார்க்கட்டும்’ என்பதன் பாதி போல நிற்கிறது. இலக்கணம் தெரிந்தவர்கள் இதற்கு ஒரு வழி சொல்லுங்கள். ஒற்று கட்டாயம் என்றால் பெயருக்கு ‘பார்’ என்பதையே வைத்துக்கொண்டு, வினைக்கு மட்டும் பார்கட்டுதல் என்று நிறுத்திக்கொள்ள எனக்குச் சம்மதம்.