அறுவைக்குப் பிறகு ஈஸ்ட்ரோஜனை நிறுத்தினால் எலும்பு தாங்குமா?

கேள்வி: விரை நீக்கிய திருநங்கை ஈஸ்ட்ரோஜனைச் சில மாதம் விட்டுவிட்டால் எலும்புக்கு என்ன ஆகும்? எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் படிவத்தில் ஆண், பெண் எதைக் குறிப்பது?

பதில் 1: விடாதீங்க தோழி. எலும்புத் தேய்மானத்துக்குக் கடிவாளம் போடுவது ஈஸ்ட்ரோஜன்தான். ஆண் உடலிலும் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி ஈஸ்ட்ரடயாலாக (ஈஸ்ட்ரோஜனின் ஒரு வகை) மாறித்தான் அந்த வேலையைச் செய்கிறது. அறுவைக்குப் பிறகு இரண்டுமே உடலில் பெரிதாக ஊறாது. மருந்தையும் நிறுத்தினால் மாதவிடாய் நின்ற பெண்ணின் நிலைதான், அதுவும் சின்ன வயதிலேயே. வலி தெரியாது, முறிவு வந்த பிறகுதான் தெரியும். ரத்த உறைவு போன்ற காரணத்தால் நிறுத்தச் சொன்னால், மாற்று வழி என்ன என்று மருத்துவரிடம் அப்போதே கேளுங்கள். மாத்திரைக்குப் பதில் தோலில் ஒட்டும் பட்டை சிலருக்கு ஒத்துவரும்.

பதில் 2: ஸ்கேன் பற்றி: டி-ஸ்கோருக்கு (ஆரோக்கியமான இளம் வயதினரோடு ஒப்பிடும் அளவு) எல்லாருக்கும் ஒரே பெண் தரவுதான் அடிப்படை. இசட்-ஸ்கோர் (அதே வயதினரோடு ஒப்பிடும் அளவு) மட்டும் நீங்கள் உணரும் பாலினப்படி. ஹார்மோன் எடுப்பதையும் அறுவையையும் படிவத்தில் எழுதுங்கள். 50 வயதுக்குக் கீழே இசட்-ஸ்கோரைத்தான் பார்ப்பார்கள், -2.0 அல்லது அதற்குக் கீழே என்றால் வயதுக்குக் குறைவு.

பதில் 3: திருநம்பிகளுக்கும் இதே கதைதான், சினைப்பை எடுத்தபின் டெஸ்டோஸ்டிரோன் ஊசியைத் தவறவிடக் கூடாது. அறுவைக்குப் பிறகும் எல்ஹெச் (விரை, சினைப்பையைத் தூண்டும் மூளைச் சுரப்பி ஹார்மோன்) அதிகமாகவே இருந்தால் டோஸ் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். கால்சியம் உணவில் கிடைப்பதையும் சேர்த்து நாளுக்கு 1000 மி.கி.; மாத்திரையானால் ஒரு வேளைக்கு 500க்கு மேல் வேண்டாம், சரியாக உறிஞ்சாது. வைட்டமின் டி அளவைப் பரிசோதித்த பிறகு மாத்திரை. புகையை விடுங்கள், எடை தூக்குங்கள். ஆனால் இதெல்லாம் ஹார்மோனுக்கு ஈடாகாது.